பன்னிரண்டாவது காரை

என் அத்தானின் வாயில், கீழ்வரிசையின் வலது பாதியில், பன்னிரண்டு இடங்களில் கல்லாக இறுகிய பற்காரை இருக்க வேண்டும். பதினொன்று போதாது. இதை என் நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தேன். தற்செயலாகத் திறந்து பார்க்கிற யாருக்கும், எனக்கும் அவருக்கும் ஏதோ தீராத பகை என்றுதான் தோன்றும்.

பகை ஒன்றும் இல்லை. அவர் என் அக்காவின் கணவர், நகரப் பேருந்து ஓட்டுநர். நான் அவர்கள் வீட்டில் தங்கியிருக்கிறேன். பகலில் ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளர் வேலை. கருவிகளைக் கழுவி, நீராவிப் பெட்டியில் வைத்து எடுத்து, உறை போட்டு அடுக்குவேன். டாக்டர் வேலை செய்யும்போது நோயாளியின் வாயில் சேரும் தண்ணீரைக் குழாயால் உறிஞ்சுவேன். நான்கு வருடத்தில் எத்தனையோ வாய்களுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறேன். ஆனால் சொந்தப் பொறுப்பில் ஒரு வாயிலும் கருவி வைக்க எனக்கு உரிமை இல்லை. அந்த உரிமைக்காகத்தான் இரண்டு வருடம் மாலை வகுப்புக்குப் போனேன். டென்டல் ஹைஜீனிஸ்ட் படிப்பு. பல்லை அடைப்பதும் பிடுங்குவதும் டாக்டர் வேலை; அந்த அளவுக்கு நிலைமை போகாமல் பல்லையும் ஈறையும் சுத்தம் செய்து காப்பது எங்கள் வேலை. படித்தால் மட்டும் ஆகாது, லைசென்ஸ் வேண்டும்.

லைசென்ஸுக்கு என்னென்ன வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். டிப்ளமா சான்றிதழ். மேற்பார்வை டாக்டர் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்திட்ட எழுநூறு மணி நேரப் பயிற்சிப் பதிவேடு. தடுப்பூசி அட்டை. முதலுதவிச் சான்றிதழ். போலீஸ் நற்சான்று. எழுத்துத் தேர்வு மதிப்பெண். எல்லாவற்றையும் ஒரு நீல ஃபைலில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் மூன்று நகல் எடுத்து வைத்திருந்தேன். மிச்சம் இருந்தது செய்முறைத் தேர்வு ஒன்றுதான். அதற்கு நோயாளியை நாமேதான் தேடிப் பிடித்துக் கூட்டிப் போக வேண்டும்.

யாரோ ஒருவர் போதாது. அவருக்கு ரத்த அழுத்தம் நூற்று அறுபதைத் தாண்டக் கூடாது. ஆறு மாதமாகப் பல் சுத்தம் செய்திருக்கக் கூடாது. வாயை நான்காகப் பிரித்தால் ஏதாவது ஒரு கால் பகுதியில், கருவிக்குத் தட்டுப்படுகிற கெட்டிக் காரை பன்னிரண்டு இடங்களில் இருக்க வேண்டும். தேர்வன்று காலை அந்த இடங்களை நாமே படிவத்தில் எழுதிக் கொடுக்க, மூன்று தேர்வாளர்கள் தனித்தனியாக வந்து சரிபார்ப்பார்கள். ஒன்று குறைந்தாலும் நோயாளி தள்ளுபடி. நோயாளி தள்ளுபடியானால் நாமும் கருவியைத் தொடாமலே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அடுத்த தேர்வு ஆறு மாதம் கழித்து.

ஆறு மாதம் காத்திருக்க எனக்கு வழியில்லை. எங்கள் டாக்டர், பக்கத்து அறையில் இரண்டாவது நாற்காலி போட்டிருந்தார். தேர்வுக்கு அடுத்த மாதம் முதல் தேதி அந்த அறை திறக்கிறது. வாரம் முழுக்க வேலை, ஒரே இடத்தில். எங்கள் வகுப்பின் அறிவிப்புப் பலகையில் வேலை விளம்பரங்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் எல்லாம் துண்டு துண்டானவை. திங்களும் புதனும் ஒரு மருத்துவமனை, வியாழன் மட்டும் இன்னொன்று, சனிக்கிழமை நகரத்தின் மறுகோடியில் மூன்றாவது. முழு வாரமும் ஒரே கூரையின் கீழ் என்று ஒரு விளம்பரத்தைக்கூட நான் பார்த்ததில்லை. ஆனால் டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: முதல் தேதிக்குள் லைசென்ஸ் எண் கையில் இருந்தால் அந்த அறை எனக்கு. இல்லையென்றால் ஏஜென்சி மூலம் வேறொருவர் வருவார். வந்தவரை ஆறு மாதம் கழித்துப் போகச் சொல்ல அவரால் முடியாது. நியாயமான பேச்சுதான். 

ஆகவே நான் வாய் தேடி அலைந்தேன். கண்ணைப் பார்த்துப் பேசும் பழக்கமே போய்விட்டது. எதிரில் பேசுகிறவரின் கீழ்ப் பற்களின் உள்பக்கம்தான் என் கண்ணில் படும். எதிர்வீட்டுக்காரர், தபால்காரர், அக்காவின் தொழிற்சாலைத் தோழிகள் என்று பதினெட்டு பேரின் வாயைப் பார்த்து, பதினெட்டையும் நோட்டில் எழுதி, பதினெட்டையும் அடித்தேன். கொஞ்ச நாளில் எங்கள் தெருவில் என்னைக் கண்டாலே ஆட்கள் வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்ட ஆரம்பித்தார்கள். வகுப்பில் என் பக்கத்து இருக்கைக்காரி, எதிலும் அவசரப்படுவதால் ‘புயல்’ என்று பெயர் எடுத்தவள், முதல் வாரமே ஆளைப் பிடித்துவிட்டாள். அவளுக்கு நிச்சயமாகியிருக்கிற மாப்பிள்ளையின் அம்மா. தொண்ணூறு நிமிடம் மாமியார் வாய் திறந்திருக்கும், ஆனால் ஒரு வார்த்தை பேச முடியாது, இப்படி ஒரு வாய்ப்பு வாழ்நாளில் இனி வராது என்றாள்.

பத்தொன்பதாவது வாய் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் கொட்டாவி விட்டபோது பார்த்தேன். பதினைந்து வருடம் இரண்டு ட்ரிப்புக்கு நடுவே தேநீரும் சிகரெட்டுமாக வாழ்ந்த வாய். பல் நாற்காலி என்றால் அவருக்கு அவ்வளவு பயம். டெப்போவில் யாராவது பல்வலி என்றாலே எழுந்து போய்விடுவார். ஆனால் விஷயத்தைச் சொன்னதும் நெஞ்சை நிமிர்த்தினார்.

“என் பல்லுக்கு இப்பதான் ஒரு உத்தியோகம் கிடைச்சிருக்கு. உன் அக்கா அதைக் கெடுக்காம பாத்துக்க.”

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பத்து வருடமாகப் பல் டாக்டரிடம் போங்கள் என்று சொல்லி வாய் வலித்ததாம். கடைசியில் சோம்பேறித்தனத்துக்குக்கூட இந்த வீட்டில் மரியாதை கிடைத்துவிட்டதாம்.

மறுநாளிலிருந்து அத்தான் பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டார். எனக்காகத்தான். மூன்றாம் நாள் அக்கா தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து படுத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. காரை என்பது கல்லைப் போல இறுகியது, பிரஷ்ஷால் தேய்த்தால் போகாது, தேர்வாளர்களுக்கு மூக்கும் உண்டு என்று அவரிடம் எடுத்துச் சொன்னேன். கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் பிரஷ்ஷை எடுத்தார்.

பயிற்சி மாணவருக்கு ஓர் அனுமதி அட்டை உண்டு; டாக்டர் அதே இடத்தில் இருந்தால் நோயாளியைப் பரிசோதிக்கலாம். அத்தானை மருத்துவமனைக்கு வரவழைத்து, எக்ஸ்ப்ளோரர் என்கிற வளைந்த ஊசிக் கருவியால் இடம் இடமாகத் தொட்டுப் பார்த்தேன். நாங்கள் அதைக் கொக்கி என்போம். மழமழப்பான பல்லில் அது வழுக்கிக்கொண்டு போகும். காரை இருந்தால் விரல் நுனியில் ஒரு சின்னத் தடக்கு தெரியும். நோட்டில் அட்டவணை போட்டேன். பன்னிரண்டு இடங்களில் ‘உண்டு’. பதின்மூன்றாவதாக ஓர் இடம், ஞானப்பல்லின் பின்பக்கம், ஈறுக்குச் சற்றே கீழே. அங்கே ஏதோ தட்டுகிற மாதிரி இருந்தது. பல்லே அங்கே சொரசொரப்பாக இருக்கலாம். ஈறு தடித்திருக்கலாம். என் கை நடுங்கியிருக்கலாம். கேள்விக்குறி போட்டேன்.

பன்னிரண்டு கிடைத்துவிட்டது. அதோடு விட்டிருக்க வேண்டும். ஆனால் வகுப்பில் எனக்கு ‘இன்னொருதடவை’ என்று பட்டப்பெயர் வைத்தது சும்மா இல்லை. கதவைப் பூட்டினால் இழுத்துப் பார்ப்பேன்; இழுத்துப் பார்த்ததை நான்கு படி இறங்கி வந்ததும் மறந்துவிட்டு மறுபடி ஏறுவேன். அத்தானின் வாயை அடுத்த வாரமும் பார்த்தேன். அதற்கடுத்த வாரமும். ஐந்து முறை ஆயிற்று. ஐந்து முறையும் பன்னிரண்டு ‘உண்டு’, ஒரு கேள்விக்குறி.

தேர்வு சனிக்கிழமை. புதன்கிழமை மாலை கடைசி நோயாளி போனதும், கடைசியாக ஒரே ஒரு முறை பார்த்துவிடுகிறேன் என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் பதிவேட்டிலிருந்து தலை தூக்கினார்.

“ஐந்து தடவை பாத்துட்ட. இனிமே சனிக்கிழமை வரைக்கும் அது உன் அத்தான் வாய்னு நினைக்காத, தேர்வாளருங்க வாய்னு நினைச்சுக்க. தொடாம இருக்கறதுதான் நல்லது.” சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து, சரி போ என்று கையை அசைத்தார்.

அத்தான் ஷிஃப்ட் முடிந்து சீருடையோடு வந்து சாய்ந்தார். பின்னாலிருந்து முன்னால் வருவதுதான் என் வரிசை. முதலில் ஞானப்பல்லின் பின்பக்கம்: கேள்விக்குறி. பிறகு ஒவ்வொன்றாக உண்டு, உண்டு. முதல் கடைவாய்ப் பல்லின் உள்பக்கம் வந்தபோது, சரியாகத்தான் தட்டுகிறதா என்று கொக்கியைக் கொஞ்சம் அழுத்தி இழுத்தேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம். மிகச் சின்னச் சத்தம். அத்தான் நாக்கைச் சுழற்றி, விரலைவிட்டு எதையோ எடுத்து, விளக்குக்கு நேரே பிடித்தார். மஞ்சளும் பழுப்புமாக, குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துணுக்கு.

“இது என்னம்மா?”

அந்த இடத்தைக் கொக்கியால் மறுபடி தொட்டேன். வழுக்கிக்கொண்டு போயிற்று. கண்ணாடி மாதிரி. ஒரு பல்லை அப்படி ஆக்குவதற்குத்தான் நான் இரண்டு வருடம் படித்தேன். அன்று அந்த வழுவழுப்பைத் தொட்டதும் கொக்கியைத் தட்டில் வைத்துவிட்டேன்.

“பன்னெண்டாவது அத்தான்,” என்றேன். “நானே எடுத்துட்டேன்.”

அவர் அந்தத் துணுக்கை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, திரும்ப ஒட்ட முடியாதா என்று உண்மையாகவே கேட்டார். பஸ்ஸில் என்றால் ஏதாவது பசை போட்டு ஒட்டி டெப்போ வரைக்கும் ஓட்டிவிடுவார்களாம். டாக்டர் அறை வாசலில் வந்து நின்று, என்னையும் அத்தானின் உள்ளங்கையையும் பார்த்தார். திரும்பிப் போய்ப் பதிவேட்டில் குனிந்துகொண்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

வியாழக்கிழமை காலையிலும் மாலையிலும் வேறு வாய் தேடினேன். இரண்டு நாளில் எந்த வாய் கிடைக்கும்? கிடைத்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும், அவர் சனிக்கிழமை வேலையை விட்டு வர வேண்டும். அத்தானோ சனிக்கிழமை ஷிஃப்டை மாற்றிக்கொள்வதற்காக ஒரு நண்பருக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்திருந்தார். சாப்பிடும்போது அவர் ஒரு யோசனை சொன்னார்.

“போன இடத்தை இருக்குன்னே எழுதிடு. பன்னெண்டையுமா குடைஞ்சு பாப்பாங்க? எங்க டிக்கெட் செக்கிங் மாதிரிதான் இருக்கும். பத்து பஸ் போனா ஒரு பஸ்ல ஏறுவாங்க.”

“அந்த ஒரு பஸ் நம்ம பஸ்ஸா இருந்தா?”

“கடைசி சீட்டுல தூங்கற மாதிரி நடிக்க வேண்டியதுதான்.”

இல்லாததை இருப்பதாக எழுதினால் என்ன ஆகும் என்று விதிப் புத்தகத்தில் இருக்கிறது. தள்ளுபடி மட்டுமல்ல, ஒரு வருடத்துக்குத் தேர்வே எழுத முடியாது. ஆனால் நான் அந்த யோசனையை உடனே ஒதுக்கிவிட்டதாக எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். அன்று இரண்டு முறை மாதிரிப் படிவத்தில் ‘முதல் கடைவாய்ப் பல், உள்பக்கம்’ என்று பென்சிலால் எழுதி, இரண்டு முறையும் ரப்பரால் அழித்தேன். நேர்மை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. பொய் எழுதினால் அதையும் உட்கார்ந்து பத்து தடவை சரிபார்ப்பேன் என்று எனக்குத் தெரியும். அதற்கான தெம்பு என்னிடம் இல்லை.

அக்கா தட்டுகளை எடுக்க வந்தவள், ஈரக் கையோடு என் நோட்டைத் திருப்பிப் பார்த்தாள். அவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். நாள் முழுக்கத் தையலின் மேல் விரலை ஓட்டி, பிசிறும் விட்டுப்போன தையலும் கண்டுபிடிப்பதுதான் வேலை.

“இது என்னடி, ஆறு கொக்கிக் கொக்கியா போட்டு வச்சிருக்க?”

அது கேள்விக்குறி என்றேன். சந்தேகம். ஆறு முறையும் நிச்சயமாகத் தெரியவில்லை.

“ஆறு தடவையும் ஒரே எடத்துலயா சந்தேகம்? பக்கத்துப் பல்லுல ஒரு தடவைகூட வரல?”

“வரல.”

“ஒண்ணுமில்லாத எடத்துல என் விரல் ஒரு தடவை நிக்கும், அசதியில. ஆறு தடவை நிக்காது.” நோட்டை மூடி என் பக்கம் தள்ளினாள். “தட்டை எடு. காஞ்சு போகுது.”

அவள் என்னைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. தட்டு காய்கிற கவலைதான் அவளுக்கு. அதனாலேயே அது எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டு வருடமாக என் நோட்டை நான் ஒரே மாதிரிதான் படித்திருக்கிறேன்: கேள்விக்குறி என்றால் என் கை சரியில்லை என்று அர்த்தம். கைக்கு ஏதோ தெரிந்திருக்கலாம், எனக்குத்தான் அதை நம்பத் தெரியவில்லை என்கிற பக்கத்தை நான் யோசித்ததே இல்லை. உடனே அத்தானின் வாயை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் போல் இருந்தது. அவர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, பல் மருத்துவக் கல்லூரியின் மூன்றாவது மாடி. நீளமான கூடத்தில் இரண்டு வரிசையாக நாற்காலிகள், நடுவே இடுப்புயரத் தடுப்புகள். எனக்கு இருபத்தேழாம் எண். முதலில் பதிவு மேஜை. ஒரு நர்ஸ் அத்தானின் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். நூற்று அறுபத்து நான்கு. என் முகம் எப்படி ஆயிற்றோ, நர்ஸே பாவம் பார்த்து, ஐந்து நிமிடம் உட்காரச் சொன்னார். மனத்துக்கு இதமான எதையாவது நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். அத்தான் கண்ணை மூடினார். இரண்டாவது முறை நூற்று ஐம்பத்தாறு. என்ன நினைத்தீர்கள் என்று கேட்டேன். டெப்போவில் வண்டி காலியாக, எஞ்சின் அணைத்து, மழையில் நிற்கிறதாம். உள்ளே இவர் மட்டும் கடைசி இருக்கையில் காலை நீட்டிப் படுத்திருக்கிறாராம்.

படிவத்தை மையால் எழுத வேண்டும். பதினொரு வரி எழுதினேன். பன்னிரண்டாவது வரியில் பேனாவை வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடம் இருந்தது. ஒன்று, இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்த இடம். மற்றது, இருக்கிறதா என்று தெரியாத இடம். ‘ஞானப்பல், பின்பக்கம்’ என்று எழுதினேன். கேள்விக்குறி போடவில்லை. அந்த இடத்தை நான் கேள்விக்குறி இல்லாமல் எழுதிப் பார்த்ததே இல்லை. யாரோ எழுதியது மாதிரி இருந்தது.

தேர்வாளர்கள் வரும்போது நாங்கள் அங்கே இருக்கக் கூடாது. யாருடைய நோயாளி என்று அவர்களுக்குத் தெரியக் கூடாது என்பது விதி. தாழ்வாரத்தில் போட்டிருந்த பெஞ்சில் முப்பது பேரும் உட்கார்ந்திருந்தோம். ஒருவரின் முழங்கால் ஆடுவதைப் பார்த்து மற்றவர்களும் ஆட்டினோம். புயல் மட்டும் நின்றுகொண்டு, உள்ளே மாமியார் தேர்வாளரின் விரலைக் கடித்துவிட்டால் கல்யாணம் நிற்குமா லைசென்ஸ் நிற்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை, அவளும்தான்.

நாற்பது நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. எண்களை வாசித்தார்கள். பதினாலாம் எண்ணுக்கு நோயாளி தள்ளுபடி. அந்தப் பையன் எழுந்து, கருவிப்பையை மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் படி இறங்கினான். அடுத்து என்ன எண் வாசித்தார்கள் என்று என் காதில் விழவில்லை. புயல் என் தோளைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டாள்.

இருபத்தேழாம் நாற்காலியின் கைப்பிடியில் பச்சைச் சீட்டு ஒட்டியிருந்தது. பச்சை என்றால் ஏற்றுக்கொண்டார்கள். அதை முன்னாலும் பின்னாலும் திருப்பிப் பார்த்தேன். எண் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்தேன். அத்தான் மார்பில் காகிதத் துவாலையைக் கட்டிக்கொண்டு, பெரிய சாட்சி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“மூணு பேர் வந்தாங்க. ஒருத்தரும் பேசல. முன்னாடி எல்லாம் தொட்டுத் தொட்டுப் போயிட்டாங்க. கடைசிப் பல்லுக்குப் பின்னாடி மூணு பேரும் நின்னாங்க.”

“நின்னு?”

“முதல் ஆளு ரெண்டு தடவை தட்டினாரு. ரெண்டாவது அம்மாவும் தட்டினாங்க. எனக்கே மண்டைக்குள்ள கேட்டுது, டக்கு டக்குன்னு. மூணாவது ஆளு ஒரே தட்டு, எழுதிட்டுப் போயிட்டாரு.” கொஞ்சம் யோசித்து, “உன்னை மாதிரி பத்து தடவை இல்ல,” என்றார்.

முகக்கவசம் போட்டிருந்தது நல்லதாகப் போயிற்று. சக்கர முக்காலியை இழுத்து உட்கார்ந்தேன். அவ்வளவு நாளும் ஒரு கனமான வாளியைத் தூக்கிப் பிடித்திருந்துவிட்டு, கீழே வைத்த மாதிரி இருந்தது. விரல்கள் லேசாகச் சூடாகின.

தொண்ணூறு நிமிட வேலையைப் பற்றி எழுத அதிகம் இல்லை. வகுப்பில் இருநூறு முறை செய்ததைத்தான் செய்தேன். கருவியின் முனையைக் காரைக்கு அடியில் கொடுத்து, மணிக்கட்டைத் திருப்பி, மேல்நோக்கி இழுப்பது. ஒவ்வொன்றாகப் பெயர்ந்து வந்தது. ஞானப்பல்லைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். ஈறை ஒதுக்கி, பின்பக்கம் கருவியைக் கொடுத்து இழுத்ததும், புதன்கிழமை கேட்ட அதே ‘டிக்’. இந்த முறை அது எவ்வளவு நல்ல சத்தமாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். துணியில் துடைத்துப் பார்த்தேன். பச்சரிசி நொய் அளவுக்கு, கறுப்பாக, கெட்டியாக இருந்தது. அத்தான் கண்ணால் கேட்டார். காட்டினேன். கட்டைவிரலைத் தூக்கினார்.

அன்றோடு என் மாணவர் அனுமதி அட்டை காலாவதி. லைசென்ஸ் வரும்வரை நான் எந்த வாயிலும் கை வைக்கக் கூடாது. இதன் விளைவை அத்தான்தான் அனுபவித்தார். வாயில் கால்பகுதி புதுப்பாத்திரம் மாதிரி வழுவழு, மிச்ச முக்கால் பழையபடி. நாள் முழுக்க நாக்கு வலது பக்கத்துக்கே ஓடுகிறதாம். டெப்போவில் எல்லாரையும் கூப்பிட்டு, வித்தியாசம் தெரிகிறதா என்று காட்டினார். பல்வலி என்ற சொல்லுக்கே எழுந்து போகிறவர், இப்போது சாப்பாட்டு நேரத்தில் வாயைத் திறந்து பாடம் எடுக்கிறார் என்று அவர் நண்பர் அக்காவிடம் புகார் செய்தார். மிச்சத்தை வேறு டாக்டரிடம் செய்துகொள்ளுங்கள் என்று அக்கா சொன்னாள். மறுத்துவிட்டார். ஒரு வண்டியைப் பாதியில் இன்னொரு டிரைவரிடம் கொடுக்கிற வழக்கம் தன்னிடம் இல்லை என்றார்.

பதினேழாம் நாள் முடிவு வந்தது. முதல் தேதிக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. மருத்துவமனைக் கணினியில் என் தேர்வு எண்ணைப் போட்டேன். தப்பாகப் போட்டிருப்பேனோ என்று அழித்துவிட்டு மறுபடி போட்டேன். இரண்டு முறையும் அதே பக்கம்தான் வந்தது: தேர்ச்சி, கீழே ஏழு இலக்க லைசென்ஸ் எண். பின்னால் நின்ற டாக்டர், அந்த எண்ணை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு, ஏஜென்சிக்குப் போன் செய்து ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் குரலில் இருந்த நிம்மதியைக் கேட்டபோதுதான், இத்தனை நாளும் அவரும் எனக்காகத்தான் காத்திருந்தார் என்று புரிந்தது. புயலுக்கும் தேர்ச்சி. கை மெத்தென்று இருக்கிறது என்று மாமியார் ஊரெல்லாம் சொல்கிறாராம். மூன்று மருத்துவமனைகளில் இரண்டிரண்டு நாள் வேலை பிடித்திருக்கிறாள். அவள் வேகத்துக்கு அதுதான் சரி.

முதல் தேதி காலை. இரண்டாவது அறையில் புதுப் பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. நாற்காலியின் மேல் உறையைக்கூட அன்றுதான் பிரித்தோம். சந்திப்புப் பட்டியலில் என் பெயருக்கு நேரே ஒன்பது மணிக்கு முதல் நோயாளி: அத்தான். ஷிஃப்டை மாற்றிக்கொண்டு, தலைமுடியைப் படிய வாரி, கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி வந்திருந்தார். சாய்ந்து, தானாகவே வாயைத் திறந்தார்.

தட்டிலிருந்து கொக்கியை எடுத்து, மேல்வரிசையின் வலது பக்கத்திலிருந்து தொடங்கினேன். தொட்ட இடமெல்லாம் தட்டியது. ஒவ்வொன்றையும் அட்டையில் ஒரு முறை குறித்தேன். முடித்ததும், பழக்கத்தில் கை மறுபடி முதல் பல்லுக்குப் போயிற்று. நடுவழியில் நிறுத்தி, கொக்கியைத் தட்டில் வைத்துவிட்டு, சுத்தம் செய்கிற கருவியை எடுத்தேன்.

அத்தான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். “எத்தனை இருக்கு?”

“எண்ணல அத்தான்,” என்றேன். “நல்லா வாயைத் திறங்க.”